பாக்கியத்தை விட்ட இடம்

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். என் மனைவியை நான் கொண்டுபோய்த் தள்ளவில்லை. அப்படிப் பேசுகிறவர்கள் ஹட்டனில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவராவது, ஒரே ஒரு நாள், பின்னேரம் மூன்று மணியிலிருந்து விளக்கு வைக்கும்வரை எங்கள் வீட்டில் உட்கார்ந்து பார்த்ததில்லை. வந்தவர்கள் தேத்தண்ணீர் குடித்தார்கள். பாவம் என்றார்கள். நாலு மணி பஸ்ஸுக்கு எழுந்து போனார்கள்.

இப்போது மாதம் ஒருவராவது என் இரும்பு வேலைத்தளத்துக்கு வருகிறார். கேட் செய்ய வந்தவர்போல நின்று விலை கேட்பார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எங்க அம்மாவுக்கும் இப்பிடித்தாண்ணே. நீங்க விட்ட எடம் எப்பிடி?" என்பார். ஒவ்வொருவருக்கும் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். எனக்கு இரும்பு தெரியும், எழுத்து அவ்வளவு தெரியாது. ஒட்டிய இடம் பிடித்திருக்கிறதா என்று பார்க்கச் சுத்தியலால் தட்டுவோம். அந்த இல்லத்தையும் அப்படித்தான் தட்டிப் பார்த்தேன்.

என் மனைவி பெயர் பாக்கியம். தோட்டத்தில் இருபத்தெட்டு வருஷம் பிள்ளைக்காம்பரா பார்த்தவள். கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போகும் வழியில் கைக்குழந்தைகளை அங்கே விட்டுப் போவார்கள். பத்து மணிக்கும் மத்தியானமும் வந்து பால் கொடுத்துவிட்டு மறுபடி மலை ஏறுவார்கள். பின்னேரம் கொழுந்து நிறுத்து முடிந்ததும் வந்து தூக்கிக்கொண்டு போவார்கள். சில நாள் இருபது பிள்ளைகள், சில நாள் முப்பது. எல்லாவற்றுக்கும் மூக்குத் துடைத்து, கஞ்சி ஊட்டி, சேலைத் தொட்டிலில் போட்டு ஆட்டுவது அவள் வேலை.

அவளிடம் ஒரு சட்டம் இருந்தது. தாய் வராமல் பிள்ளை வெளியே போகாது. தகப்பன் வந்தால் கொடுக்கமாட்டாள். கங்காணி வந்து சொன்னாலும் கொடுக்கமாட்டாள். தாய்க்கு உடம்புக்கு முடியவில்லை என்றால் மட்டும் தகப்பன் கையில் கொடுப்பாள். அதற்கும் ஆயிரம் கேள்வி கேட்டுவிட்டுத்தான். கடைசிப் பிள்ளை போனபிறகுதான் கதவைப் பூட்டுவாள். சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு நாங்கள் இருந்த லயத்து வீட்டுக்கு வருவாள். நான் ஹட்டனில் வேலைத்தளம் போட்டு, டவுனுக்குக் குடிவந்த பிறகும் தினமும் பஸ்ஸில் போய்வந்தாள். தொண்ணூற்று ஏழில் வேலையை விட்டு நின்றாள்.

இரண்டு வருஷம் கழித்து ஆரம்பித்தது. முதலில் கறிக்கு இரண்டு தரம் உப்பு. பிறகு நான் வாங்கிவந்த மீனை அலுமாரியில் சேலைகளோடு மடித்து வைத்திருந்தாள். நான் கத்தினேன். அவள் சிரித்தாள். வயசாகிறது என்று நினைத்துக்கொண்டோம். அப்போது அவளுக்கு ஐம்பத்தேழு. அது ஒரு வயசா?

அதன்பிறகு இந்தப் பின்னேரத் தொல்லை. நாலு மணிவரைக்கும் பேசாமல் இருப்பவள், நாலரை ஆனதும் எழுந்து கதவுப் பக்கம் போய் நிற்பாள். கையைப் பிசைவாள். "ஒன்னு இன்னும் நிக்குதுங்க" என்பாள்.

"எது நிக்குது?"

"ஒன்னு நிக்குது. நான் போகணும்."

தினமும் இதே பேச்சு. வாசலில் ஒன்றும் இல்லை என்று கையைப் பிடித்து இழுத்துக் காட்டுவேன். அவள் தெருவைப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள், மறுபடி, "ஒன்னு நிக்குது" என்பாள். பேய் பிடித்திருக்கிறது என்றார் அவளுடைய அண்ணன், என் மச்சான். வட்டவளையிலிருந்து ஒரு ஆளைக் கூட்டிவந்தார். எலுமிச்சம்பழம் வெட்டினார்கள், கயிறு கட்டினார்கள். அடுத்த நாள் நாலரைக்கு அவள் அந்தக் கயிற்றோடு வாசலில் நின்றாள். நான் கதவைப் பூட்டத் தொடங்கினேன். படித்தவர்கள் இதைச் செய்யாதீர்கள் என்பார்கள். செய்தேன். வேலைத்தளத்தையும் பார்த்துக்கொண்டு வாசலையும் காவல் காக்க என்னால் முடியவில்லை.

இரண்டாயிரத்து மூன்று ஐப்பசி மழையில் ஒருநாள் முன்கதவைப் பூட்டிவிட்டுப் பின்பக்கக் குசினிக் கதவை மறந்துவிட்டேன். அவள் அந்த வழியாக இறங்கிப் போய்த் தெருவோரத் தண்ணீர்க் கானில் விழுந்து கிடந்தாள். பக்கத்து வீட்டுக்காரர்தான் ஓடிவந்து சொன்னார். தூக்கும்போது கூட வலி என்று சொல்லவில்லை. "நேரமாச்சு, நேரமாச்சு" என்றுதான் சொன்னாள்.

தொடை எலும்பின் மேல் பகுதி, இடுப்பில் பொருந்துகிற இடத்தில், உடைந்திருந்தது. தகடு வைத்து ஸ்குரூ முடுக்க வேண்டும் என்று டொக்டர் படத்தைக் காட்டினார். அது எனக்கு விளங்கியது. என்ன கனத் தகடு என்று கேட்டேன், அவர் சிரித்தார். ஒப்பரேஷன் நன்றாக முடிந்தது. அதற்குப் பிறகுதான் கஷ்டம்.

பெண்கள் வார்டில் ஆண்கள் நிற்க முடியாது. மத்தியானம் ஒரு மணித்தியாலம், பின்னேரம் ஐந்திலிருந்து ஒரு மணித்தியாலம், அவ்வளவுதான். மற்ற நேரமெல்லாம் கேட்டுக்கு வெளியே சீமெந்துத் திண்ணையில் என்னைப்போல நாற்பது பேர் உட்கார்ந்திருப்போம். யாருக்காவது உள்ளே இருந்து சேதி வருமா என்று எல்லோரும் ஒரே கதவைப் பார்ப்போம். ஒரு கிழவர் தினமும் இரண்டு வாழைப்பழம் கொண்டுவருவார். ஒன்று மனைவிக்கு, ஒன்று பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்களோ அவர்களுக்கு.

மூன்றாம் நாள் உள்ளே போனேன். பாக்கியத்தின் இரண்டு கையையும் பண்டேஜ் துணியால் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். மணிக்கட்டு சிவந்திருந்தது. அந்த ஆஸ்பத்திரியின் பெயரை நான் எழுதப்போவதில்லை. ஒரு நர்ஸ் மிஸ் அறுபது நோயாளியைப் பார்க்கும் வார்டில் அவளை மட்டும் திட்டி என்ன பிரயோசனம்? அன்றைக்குத் திட்டினேன். வெளியே அனுப்பினார்கள். பக்கத்துக் கட்டிலில் கால் உடைந்து கிடந்த ஒரு தோட்டத்துப் பெண், நான் போனபிறகு கையை எட்டி முடிச்சை அவிழ்த்துவிட்டு, பாக்கியத்தின் கையைத் தன் கையில் பிடித்துக்கொண்டே கிடந்தாளாம். என் மகள் விஜயா சொன்னாள். அந்தப் பெண்ணின் பெயரைக்கூட நாங்கள் கேட்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

வார்டில் இருந்த இளம் டொக்டர் தமிழ் பேசுவார். அவர்தான் இரண்டு சொல்லை எனக்குப் பிரித்துச் சொன்னார். ஒப்பரேஷனுக்குப் பிறகு வயசானவர்களுக்கு வரும் குழப்பம் டெலிரியம். அது வரும், போகும். அதற்கு அடியில் வேறொன்று முன்னமே இருக்கிறது, அது டிமென்ஷியா. மூளையின் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகிற நோய். புதிய நினைவு முதலில் போகும், பழையது கடைசியில் போகும். அது திரும்பாது. மாத்திரை இருக்கிறது, ஆனால் அது ஓடுகிற வண்டிக்குப் பிரேக் மாதிரி, கொஞ்சம் பிடிக்கும், நிறுத்தாது.

கண்டிக்கு அனுப்பித் தலையைப் படம் எடுத்தார்கள். பிறகு ஒரு பரீட்சை வைத்தார்கள். இன்றைக்கு என்ன கிழமை, இது எந்த ஊர், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழி. பாக்கியம் ஒன்றிரண்டைத் தவிர எதற்கும் பதில் சொல்லவில்லை. கேள்வி கேட்ட டொக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கண்ணுல பீளை வெச்சிருக்க. மொகம் கழுவுனியா இன்னைக்கி?" என்றாள்.

அந்தப் பையன் உடனே கண்ணைத் துடைத்தான். ராத்திரி முழுக்க டியூட்டி என்றான். விஜயா சிரித்துவிட்டாள். நான் வெளியே போய் நின்றேன். முப்பதுக்கு அவள் வாங்கியது நாலு மார்க்.

மூன்று கிழமையில் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். நாலு கால் வோக்கரைப் பிடித்து நடக்கப் பழக்கினோம். கால் சரியானதும் மறுபடி நாலரைத் தொல்லை வந்தது. இப்போது விழுந்தால் தகடு பெயரும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். நான் கதவின் குறுக்கே நாற்காலியைப் போட்டு உட்காருவேன். அவள் என் தலைக்கு மேலாகத் தாழ்ப்பாளைப் பிடித்து இழுப்பாள். ஒருநாள் என் கையைக் கடித்தாள். நான் கையை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை. ஓங்கினேன். விஜயா பாடசாலையில் படிப்பித்துவிட்டு வந்து வாசலில் நின்று அதைப் பார்த்துவிட்டாள். அடுத்த கிழமை நானுஓயா தாண்டி ஒரு இல்லம் இருக்கிறது, ஒரு மாதம் விட்டுப் பார்ப்போம் என்றாள்.

மச்சான் வந்து நின்று கத்தினார். என் தங்கச்சி என்ன அனாதையா என்றார். அப்படியானால் உங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்றேன். வீடு சிறியது என்றார். கடைசியில் ஒரு பேச்சுக்கு வந்தோம். ஒரு மாதம். மாத முடிவில் அவரே வேன் அனுப்புவார், நான் போய்ப் பார்த்து, இடம் சரியில்லை என்றால் அன்றைக்கே கூட்டிவர வேண்டும். சரியில்லாமல்தான் இருக்கும் என்று அவரும் நினைத்தார், நானும் நினைத்தேன்.

பழைய துரை பங்களா ஒன்றைத் திருத்திய இடம் அது. பதினெட்டுப் பேர் இருந்தார்கள். மேட்ரன் பெயர் குசுமா, சிங்களத்தி. தோட்டத்து ஆஸ்பத்திரிகளில் வேலை பார்த்து நம் தமிழ் பழகியவர். முதல் நாளே ஒரு தாளை எடுத்து வைத்துக் கேள்வி கேட்கத் தொடங்கினார். எத்தனை மணிக்கு எழும்புவார், எந்தப் பக்கம் சாய்ந்து படுப்பார், தேத்தண்ணீருக்குச் சீனி போட்டா, கையில் வைத்து நக்கியா. என்ன வேலை பார்த்தார், காலை ஆறு மணிக்கு என்ன செய்வார், பத்து மணிக்கு என்ன, பன்னிரண்டுக்கு என்ன, வேலை எப்படி முடியும்.

கல்யாணத் தரகர்கூட இவ்வளவு கேட்கமாட்டார் என்றேன் எரிச்சலோடு. அந்த அம்மா எழுதிக்கொண்டே இருந்தார். பாதிக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. முப்பத்தைந்து வருஷம் அவளோடு வாழ்ந்தவன் நான். பிள்ளைக்காம்பராவில் அவள் எப்படிக் கதவு பூட்டுவாள் என்று ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை. சின்ன வயசில் அங்கேயே விளையாடி வளர்ந்த விஜயாதான் எல்லாம் சொன்னாள். தாயிடம் மட்டும் பிள்ளையைக் கொடுக்கும் சட்டத்தையும் அவள்தான் சொன்னாள்.

அன்றைக்கு எனக்கு அது வீண் வேலையாகத் தெரிந்தது. இன்றைக்கு யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதுதான். ஒரு இல்லம் முதல் நாள் உங்களிடம் காசைப் பற்றி மட்டும் பேசினால் எழுந்து வந்துவிடுங்கள்.

நான் சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பார்ப்பேன். விருந்தாளி வரும் நேரத்தில் எந்த இடமும் பளபளக்கும். மத்தியானச் சாப்பாடு முடிந்து வேலையாட்கள் களைத்திருக்கும் நேரத்தில் போனேன். மூக்கை முதலில் நம்பினேன். மூத்திர வாடை இல்லை. அதை மறைக்க அடிக்கும் வாசனைத் தண்ணீர் வாடையும் இல்லை. படுத்த படுக்கையாகக் கிடக்கும் மூன்று பேரின் விரல் நகங்களைப் பார்த்தேன், சுத்தமாக வெட்டியிருந்தது. தண்ணீர்க் கோப்பை கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது. ஒரு அம்மா "தண்ணி, தண்ணி" என்று ஏழாவது தடவையாகக் கூப்பிட்டார். ஏழாவது தடவையும் ஒருத்தி முகத்தைச் சுளிக்காமல் வந்தாள். நான் எண்ணிக்கொண்டே இருந்தேன்.

குறையும் இருந்தது, அதையும் எழுதுகிறேன். குளிக்கும் சுடுதண்ணீர் பத்து மணிக்கு மேல் பச்சைத் தண்ணீராகிவிடும். மழைக்குப் பின்பக்க வராந்தா ஒழுகியது. டெலிவிஷன் நாள் முழுக்கச் சிங்களத்தில் ஓடியது, அதை யாரும் பார்க்கவும் இல்லை. குளியலறைக் கைப்பிடி ஆடியது. அதை மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை. அடுத்த முறை சாமான்களோடு போய் நானே புதுசாகப் பொருத்தினேன். சுவரில் போல்ட் அடிக்கும்போது மேட்ரன் பக்கத்தில் நின்று, எந்தக் கையால் பிடிப்பார்கள், எவ்வளவு உயரம் வேண்டும் என்று ஒவ்வொருவர் பெயராகச் சொன்னார். பதினெட்டுப் பேருக்கும் சொன்னார்.

மூன்றாவது கிழமை, பௌர்ணமிப் போயா நாளில் போனேன். லீவு நாளில் வேலையாள் குறையும், அன்றைக்குத்தான் உண்மை தெரியும் என்று கணக்குப் போட்டேன். கண்ணாடி வராந்தாவில் ஐந்தாறு பேர் வெயில் காய்ந்துகொண்டிருந்தார்கள். என் மனைவி ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்த ஒரு பெரியவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். வாயைத் துடைத்தாள். மடியில் துவாய்கள் அடுக்கி வைத்திருந்தாள், எல்லாம் அவளே மடித்தது.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. எங்கள் ஆட்கள் நூற்றைம்பது வருஷமாக இந்த மலையில் மற்றவர்களுக்கு வேலை செய்கிறார்கள். புத்தி போனபிறகும் விடமாட்டீர்களா? மேட்ரனின் அறைக்குள் போய்க் கத்தினேன். காசும் வாங்கிக்கொண்டு என் பெண்டாட்டியை ஆயா வேலைக்கு வைத்திருக்கிறீர்களா என்று கேட்டேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன், எழுத முடியாது. இப்போதே கூட்டிப்போகிறேன் என்றேன்.

அந்த அம்மா எழுந்து நின்று முழுதும் கேட்டார்.

"கூட்டிட்டுப் போங்க ஐயா. ஒங்க சம்சாரம். நான் புடிக்க மாட்டேன். நாலரை மட்டும் இருந்து பாத்துட்டுப் போங்க."

இருந்தேன், முறைத்துக்கொண்டு.

அந்தப் பெரியவர் பட்டிப்பொலயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர், யாழ்ப்பாணத்துக்காரர். பிள்ளைகள் கனடாவில். அங்கே எல்லோரும் மாஸ்டர் ஐயா என்றுதான் கூப்பிடுவார்கள். என்னைப் பார்த்து, "தம்பி, பதுளை வண்டி வெளிக்கிட்டிட்டுதோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். "நல்லது. சிக்னல் விழேல்லை, நான் விடமாட்டன்" என்றார். வேறு யார் ஊட்டினாலும் வாயை இறுக்கிக்கொள்வாராம். பாக்கியம் ஊட்டினால் மட்டும் சாப்பிடுவாராம்.

நாலரை ஆனது. பாக்கியம் கையைப் பிசையத் தொடங்கினாள். உடனே சாந்தி என்ற பெண் கைகால் கழுவி, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வராந்தாவுக்கு வந்தாள். தோட்டத்தில் பிறந்து, இதுபோன்ற ஒரு பிள்ளைக்காம்பராவில் வளர்ந்தவள் அவள். மற்றவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவளும் அவள்தானாம்.

"அக்கா, கொழுந்து நிறுத்தாச்சு. எங்க ஆள அனுப்புறீங்களா?"

பாக்கியம் அவளை மேலும் கீழும் பார்த்தாள். சரி என்று தலையை ஆட்டினாள். சாந்தி ஒரு அம்மாவைக் கைபிடித்து எழுப்பி உள்ளே தேத்தண்ணீருக்குக் கூட்டிப்போனாள். அடுத்து இன்னொருத்தி. அவள் சிங்களத்தில் கேட்டாள், பாக்கியம் அவளுக்கும் கொடுத்தாள். ஒவ்வொருவராகப் போனார்கள். ஒருவரையும் இழுக்கவில்லை, அதட்டவில்லை. கடைசியில் மாஸ்டர் ஐயா மட்டும் இருந்தார்.

பாக்கியம் வாசலைப் பார்த்து, "ஒன்னு இன்னும் நிக்குது" என்றாள்.

அந்த வார்த்தையை நான் நாலு வருஷம் கேட்டிருக்கிறேன். அதற்குத்தான் கயிறு கட்டினேன், கதவைப் பூட்டினேன், கையை ஓங்கினேன். தாய் வராத ஒரு பிள்ளை எங்கேயோ நின்றுகொண்டிருந்திருக்கிறது. அதை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டோமே என்று அவள் தினமும் துடித்திருக்கிறாள். அவள் ஓடப் பார்த்தது வேலைக்குத்தான்.

சாந்தி தலைத்துண்டை மாற்றிக் கட்டிக்கொண்டு, வேறொருத்திபோல மறுபடி ஓடிவந்தாள். மழை, மலை வழுக்குது, லேட்டாகிவிட்டது என்றாள். பாக்கியம் இரண்டு வார்த்தை ஏசிவிட்டு மாஸ்டர் ஐயாவைக் கொடுத்தாள். பிறகு துவாய்களை எடுத்து வைத்து, வராந்தாக் கதவைத் தானே சாத்தி, கொண்டியைப் போட்டு, வோக்கரைப் பிடித்து நடந்துபோய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். உள்ளங்கையில் சீனி வைத்து வெறுந்தேத்தண்ணீர் கொடுத்தார்கள். நக்கிக்கொண்டே குடித்தாள். அவள் முகம் அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்து எத்தனையோ காலம்.

மேட்ரனிடம் போனேன். மன்னிப்புக் கேட்கும் பழக்கம் எனக்கு இல்லை. இது பொய்தானே, ஏமாற்றுவது இல்லையா என்று கேட்டேன்.

"பொய்தான் ஐயா. வீட்டுல நீங்க உண்மைதானே சொன்னீங்க. என்ன நடந்துச்சு?"

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு இறங்கி நடந்தேன்.

இவ்வளவு பார்த்தும் மனசு ஒரு நிலைக்கு வரவில்லை. பார்த்துவிட்டு வருகிற வழியெல்லாம் நல்ல இடம் என்று தோன்றும். வீட்டுக்குள் நுழைந்து அவள் கட்டிலைப் பார்த்தால் கூட்டிவந்துவிடலாம் என்று தோன்றும். யாரோ ஒருத்தி செய்வதை நான் செய்யக்கூடாதா என்று கேட்டுக்கொள்வேன். எனக்குப் பொறுமை கிடையாது. ஒரு நாள் செய்வேன், பத்து நாள் செய்வேன். பதினோராம் நாள் மறுபடி கை ஓங்கும். அதுவும் தெரியும்.

மாதம் முடிந்தது. மச்சான் சொன்னபடி வேனை அனுப்பிவிட்டார். வேனில் அவளுக்காக மெத்தை விரித்து, தலையணை வைத்து, பூவெல்லாம் வாங்கிப் போட்டிருந்தார். அவரையும் குறை சொல்லமாட்டேன், தங்கச்சிமேல் அவருக்கும் பாசம்தான். நாங்கள் போய்ச் சேரும்போது நாலேகால். விஜயா தாயின் துணிகளை அடுக்கிப் பையில் வைத்தாள். மேட்ரன் மருந்துகளை எந்த நேரத்துக்கு எது என்று எழுதித் தயாராக வைத்திருந்தார். இருங்கள், விட்டுப் போங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அன்றைக்குப் பார்த்துச் சாந்தி ஒரு நோயாளியோடு நுவரெலியா ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். நாலரைக்கு மற்றப் பெண்கள் வந்து, தங்கள் தங்கள் ஆட்களைக் கூட்டிப்போனார்கள். மாஸ்டர் ஐயா மட்டும் மிச்சம். வந்து போன பெண்களில் ஒருத்தி திரும்ப வந்து கேட்டாள். உன் பிள்ளையைத்தான் கொண்டுபோய்விட்டாயே என்றாள் பாக்கியம். மேட்ரன் போனார். பாக்கியம் அவருடைய வெள்ளைச் சேலையைப் பார்த்து, "மிஸ்ஸம்மா, நீங்க போங்க, நான் பாத்துக்கிறேன்" என்றாள். தோட்டத்து மருத்துவச்சி என்று நினைத்துவிட்டாள். கொடுக்கவில்லை.

நாலே முக்கால். பாக்கியம் வோக்கரைப் பிடித்து எழுந்து நின்றாள். கால் நடுங்கியது. "ஒன்னு நிக்குது. ஒன்னு நிக்குது." மாஸ்டர் ஐயாவும் எழுந்து பார்த்தார். விஜயா, "அம்மா" என்று போனாள். அவள் காதில் விழவில்லை.

நான் தலையில் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு வராந்தா வாசலுக்குப் போய் நின்றேன். அறுபத்திரண்டு வயசில், ஆறடி உயரத்தில், இந்தக் கோலம்.

"எங்க ஆளக் கூட்டிட்டுப் போக வந்தேங்க" என்றேன்.

பாக்கியம் என்னைப் பார்த்தாள். புருஷன் என்று தெரியவில்லை. என்னைத் தெரியாமல் போய்ப் பல மாதம் ஆகியிருந்தது.

"ஆம்பள கையில குடுக்கமாட்டேன். பொம்பள எங்க?"

எனக்குப் பொய் சொல்ல வராது. "அவளுக்குச் சொகமில்லீங்க" என்றேன்.

பாக்கியம் வோக்கரை நகர்த்திக்கொண்டு பக்கத்தில் வந்தாள். குரல் இறங்கியது. "என்னப்பா செய்யுது?"

"நெனவு தப்பிப்போச்சு. விழுந்து காலையும் ஒடச்சுக்கிட்டா."

"வீட்டுலயா போட்டு வெச்சிருக்க?"

"இல்லீங்க. ஒரு எடத்துல விட்டிருக்கேன்."

"நல்ல எடமா? போய்ப் பாத்தியா நீ?"

"பாத்தேன். நல்லா தட்டிப் பாத்துட்டேன். நல்ல எடந்தான்."

அவள் இன்னும் கிட்ட வந்தாள். கைக்குட்டையைச் சரிசெய்துவிட்டாள். "அப்ப எதுக்கு அழுவுற? அவ தேறட்டும், நீ அடிக்கடி போயிப் பாரு" என்றாள். மாஸ்டர் ஐயாவின் கையை எடுத்து என் கையில் வைத்தாள். "இவருக்குப் பசி. மொதல்ல சோத்தக் குடு."

நான் மாஸ்டர் ஐயாவைக் கூட்டிக்கொண்டு நடந்தேன். "சிக்னல் விழுந்திட்டுதோ தம்பி?" என்று கேட்டார். விழுந்துவிட்டது என்றேன். பின்னால் கதவு சாத்தும் சத்தமும் கொண்டி விழும் சத்தமும் கேட்டது.

சாப்பாட்டு அறையில் அவரை உட்காரவைத்துவிட்டு முற்றத்துக்கு வந்தேன். வேன்காரர் மெத்தையைத் தட்டிப்போட்டு, பின்கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். விஜயா பையோடு நின்று என்னைப் பார்த்தாள். பையை வாங்கி மேட்ரனிடம் திருப்பிக் கொடுத்தேன். வேன்காரரிடம் கதவை மூடச் சொன்னேன்.